துப்பாக்கி இல்லாத ராணுவ வேலை

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று தேவகோட்டைக்கு வந்த பிறகு, கார்கிலைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். எனக்கோ எத்தியோப்பியா–எரித்திரியா எல்லையைப் பற்றிச் சொல்லத்தான் ஆசை.

1998-ல் பத்மே என்ற ஊரை ஒட்டித் தொடங்கிய போரில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். 2000 ஜூனில் சண்டை நின்றது. எரித்திரிய மண்ணில் 25 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. அதற்குள் இரு நாட்டுப் படையும் இருக்கக் கூடாது. அதைக் கண்காணிக்க ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் அனுமதித்த 4,200 பேரில் 220 பேர் வரை ராணுவப் பார்வையாளர்கள். இந்தியக் காலாட்படை பட்டாலியனும் அங்கே இருந்தது. அவர்களிடம் ஆயுதம் உண்டு. பார்வையாளர்களான எங்களிடம் வரைபடம், பைனாகுலர், வயர்லெஸ், வெள்ளை ஜீப்.

"ஆயுதம் இல்லாம அங்க என்னப்பா செஞ்சீங்க?" என்றார் சித்தப்பா. "நம்ம வளவுல பாகம் பிரிச்சப்ப, பங்காளிகள் ரெண்டு பேரும் நம்புற ஆள்தானே சித்தப்பா கயிறு பிடிச்சு அளந்தார்? அந்த வேலைதான்" என்றேன்.

கஷ்டமான இடம் ஒன்று உண்டு. அந்தப் பட்டைக்குள் போலீசும் ஊர்க்காவல் படையும் இருக்கலாம் என்பது ஏற்பாடு. சீருடையைக் கழற்றிய சிப்பாயும் ஊர்க்காவலரும் பார்க்க ஒரே மாதிரிதான். அதனால் ஆளைவிட மண்ணைப் பார்ப்போம்: பதுங்குகுழி புதிதாகத் தோண்டியதா, போன வாரம் இல்லாத கூடாரம் எப்படி வந்தது, அந்த ஆளின் பெண்டாட்டி பிள்ளைகள் அதே ஊரில்தான் இருக்கிறார்களா? கண்ணிவெடி பயத்தில், அகற்றி முடித்த தடத்தை விட்டு ஒரு அடி விலக முடியாது. மாலையில் அறிக்கை எழுதும்போது, கண்ணால் பார்த்தது வேறு, கேட்டது வேறு என்று பிரித்து எழுத வேண்டும். அந்த ஒழுங்கு தவறினால் எந்தத் தரப்பும் நம்மை நம்பாது.

ஆனால் இந்த வேலை முழுக்க இரு தரப்பின் சம்மதத்தில் நிற்கிறது. இரு நாடும் ஒப்புக்கொண்டு அமைத்த எல்லை ஆணையம் 2002-ல் பத்மேயை எரித்திரியாவுக்குக் கொடுத்தது. எத்தியோப்பியா நிலத்தை விட்டு நகரவில்லை. கோபத்தில் எரித்திரியா 2005 அக்டோபரில் ஐ.நா. ஹெலிகாப்டர்கள் பறக்கத் தடை போட்டது. நான் அதற்கு முன்பே திரும்பிவிட்டேன். செய்தியைப் படித்தபோது வயிறு கலங்கியது. கண்ணிவெடியில் சிக்கியவரை இனி எப்படித் தூக்கி வருவார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. அப்புறம் எரித்திரியா எரிபொருளையும் நிறுத்தியது. 2008 ஜூலை 31-ல் பணி முடிந்தது. பத்மே அப்போதும் எத்தியோப்பியாவின் கையில்தான் இருந்தது.