எ, ஆன், தி: அலுவலக வரைவுகளைத் திருத்தும்போது

அலுவலக ஆங்கிலத்தைத் திருத்துகிறவர்களுக்கு, தமிழர் எழுதிய வரைவு இரண்டு பத்தியிலேயே அடையாளம் தெரிந்துவிடும். 'எ', 'ஆன்', 'தி' என்ற ஆர்ட்டிகிள் வேண்டிய இடம் காலியாக இருக்கும். வேண்டாத இடத்தில் 'தி' உட்கார்ந்திருக்கும்.

'எ'யா 'ஆன்'ஆ என்பது இதில் சின்ன விஷயம். எழுத்தைப் பார்க்காமல் வாயால் சொல்லிப் பார்த்தால் போதும். 'யூனிவர்சிட்டி', 'யு.எஸ்.பி.' இரண்டும் ஆங்கிலத்தில் 'u' என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'யூ' என்பதால் 'எ'. எம்.பி.ஏ., எல்.இ.டி., எஸ்.எம்.எஸ். மூன்றும் 'எம்', 'எல்', 'எஸ்' என்று உயிரொலியில் தொடங்குவதால் 'ஆன்'. 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' என்று எழுதுகிறவர்களுக்கு இது புதிதே அல்ல.

தடுமாற்றம் எல்லாம் 'எ'க்கும் 'தி'க்கும் நடுவில்தான். இதற்கு நம்மிடமே ஒரு கருவி உண்டு, யாரும் எடுப்பதில்லை. 'ரிப்போர்ட் அனுப்புங்கள்', 'ரிப்போர்ட்டை அனுப்புங்கள்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ ஒரு ரிப்போர்ட்: 'எ ரிப்போர்ட்'. இரண்டாவது, எது என்று இருவருக்கும் தெரிந்த ரிப்போர்ட்: 'தி ரிப்போர்ட்'. பொருள்களுக்கு 'ஐ' வந்தால் பெரும்பாலும் 'தி'. ஆட்களிடம் இது செல்லாது. 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்பதில் 'ஐ' இருந்தும் 'எ'தான். எழுவாயில் 'ஐ' வராது என்பதால் அங்கேயும் உதவாது. அங்கே, 'எது?' என்று படிப்பவர் கேட்பாரா என்று பார்க்க வேண்டியதுதான்.

செய்முறைக் குறிப்புகளில் இதை அலட்சியப்படுத்தினால் ஆபத்து. 'க்ளோஸ் எ வால்வ்' என்றால் ஏதாவது ஒரு வால்வை மூடினால் போதும். 'தி வால்வ்' என்றால் முன்பு சொன்ன அதே வால்வு. முன்பு இரண்டு வால்வுகளைச் சொல்லியிருந்தால் அந்த 'தி'யும் போதாது, வால்வின் எண்ணைப் போட வேண்டும். அமெரிக்கக் காப்புரிமைக் கோரிக்கைகளில், முதலில் 'எ' போட்டு அறிமுகப்படுத்தாத உறுப்பை 'தி' என்று குறிப்பிட்டால், கோரிக்கை தெளிவாக இல்லை என்று பரிசோதகர் நிராகரிக்க இடமிருக்கிறது.

பொருளையே புரட்டிவிடும் இடமும் உண்டு. 'எ ஃபியூ எரர்ஸ்' என்றால் சில பிழைகள் இருக்கின்றன; 'ஃபியூ எரர்ஸ்' என்றால் பிழைகள் அநேகமாக இல்லை. தணிக்கை அறிக்கையில் அந்த ஒற்றை 'எ' விட்டுப்போனால் குறை கூறுவது பாராட்டாகிவிடும். 'எ நம்பர் ஆஃப்' என்பதற்குப் பன்மை வினை, 'தி நம்பர் ஆஃப்' என்பதற்கு ஒருமை.

'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்', 'ஃபீட்பேக்', 'சாஃப்ட்வேர்' எண்ண முடியாதவை. முன்னால் 'எ', 'ஆன்' சேராது, கடைசியில் 'எஸ்'ஸும் சேராது. ஒன்றாகச் சொல்ல வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப்'.

திருத்தும்போது ஆர்ட்டிகிளைத் தேடாதீர்கள். ஒருமைப் பெயர்ச்சொற்களைத் தேடுங்கள். எண்ணக்கூடிய ஒருமைச் சொல் முன்னால் 'எ', 'தி', 'மை', 'திஸ்' எதுவுமில்லாமல் மொட்டையாக நின்றால் பத்துக்கு ஒன்பது பிழைதான். எண் ஒட்டிய பெயர்கள் விலக்கு: 'டேபிள் 2', 'பேஜ் 14', 'அப்பெண்டிக்ஸ் 3'. இவற்றின் முன்னால்தான் நம்மவர்கள் ஆசையாக 'தி' போடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம்.