கெஸ்ட் நோட்டு

ஜூன் 16, 2025, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. எனக்கு ஷிப்ட் இரண்டு, மதியம் ஒன்றரைக்கு முதல் வகுப்பு. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி தண்டையார்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து நடை. மே மாதம் முழுக்க வருமானம் இல்லாததால் ஏசியில் போவதற்கே ஒரு கூச்சம் இருந்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் அரசியல் அறிவியல் நடத்துகிறேன், கெஸ்ட் லெக்சரராக. இங்கே ஏழாவது வருஷம் ஆரம்பம். மணிக்கு 350 ரூபாய், வாரத்துக்கு 16 மணி நேரம். லீவு நாளுக்குக் காசு கிடையாது. இந்த வருஷம் காந்தி ஜெயந்தி வியாழக்கிழமை வருகிறது, அன்றைக்கு மூன்று வகுப்பு எனக்கு. மகாத்மாவால் 1,050 ரூபாய் நஷ்டம்.

நிரந்தரப் பேராசிரியர்களுக்கான வருகைப் பதிவேடு கெட்டி அட்டை போட்டது, முதல்வர் அறையில் இருக்கும். எங்களுடையது 200 பக்க நீள நோட்டு. அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நூலில் கட்டிய பேனாவோடு கிடக்கும். அட்டையில் பச்சை ஸ்கெட்ச்சில் ‘கெஸ்ட்’ என்று எழுதியிருக்கும். இன்றைக்கு முதல் கையெழுத்து நான்தான்.

ஜூன் 25, புதன்

மூன்றாம் ஆண்டுக்குத் தொழிற்சங்க அரசியல். புத்தகத்தில் பம்பாயில் தொடங்குகிறார்கள். நான் பெரம்பூரில் தொடங்கினேன். 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம். வாடியா தலைவர், திரு.வி.க. கூடவே நின்றவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொன்னதும் வியாசர்பாடிப் பையன் ஒருவன், “நம்ம ஏரியாவா மிஸ்?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். 1923இல் சிங்காரவேலர் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது வரைக்கும் மணி அடிக்காமல் இருந்தது புண்ணியம்.

இதை வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா பெரம்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஆறு வருஷம் பதிலி. காலைச் சங்கு ஊதும்போது கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே யாராவது வரவில்லையென்றால் மேஸ்திரி கை காட்டிக் கூப்பிடுவார். கூப்பிடாத நாளில் தூக்கில் கொண்டுபோன சோற்றைத் தெருமுனையிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார், திருப்பி எடுத்துவந்தால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்று.

“அவரு பதிலி, நீ கெஸ்ட்டு. பேரு மட்டும் இங்கிலீஷாயிடுச்சு” என்றாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே.

ஜூலை 10, வியாழன்

பீகாரில் வாக்காளர் பட்டியலை முழுக்கத் திருத்துகிறார்களே, அதைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை தரும் அரசியலமைப்புப் பிரிவு 326 என்ன சொல்கிறது, பட்டியலில் பெயர் இல்லாத குடிமகனுக்கு வாக்குரிமை இருக்கிறதா இல்லையா? உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, ஓட்டு பட்டியலில் இருக்கிறது என்று விளக்கினேன். காசிமேட்டிலிருந்து வரும் பெண் விடவில்லை. “அப்போ லிஸ்ட்டு எழுதறவர்தான் மிஸ் பெரிய ஆளு.” ஒரு மணி நேரம் நான் பேசியதை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ஆர்.கே. நகர் பிள்ளைகளுக்குத் தேர்தல் பாடம் நடத்துவதில் ஒரு வசதி உண்டு. 2017 ஏப்ரலில் வாக்குப்பதிவுக்குச் சில நாள் இருக்கும்போது இடைத்தேர்தலை ஆணையம் ரத்து செய்ததும், அது டிசம்பர் 21இல் நடந்ததும் அவர்கள் தெருவில் நடந்த கதை. அப்போது நான்காவது, ஐந்தாவது படித்திருப்பார்கள். ஆட்டோவில் மைக் கட்டிப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

அரசு கலைக் கல்லூரிகளில் 574 கௌரவ விரிவுரையாளர் இடங்களுக்கு இன்று முதல் விண்ணப்பிக்கலாம். ஆகஸ்ட் 4 கடைசி. மாதம் 25,000.

ஸ்டாஃப் ரூமில் இதே பேச்சு. பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியிலேயே கெஸ்ட்டுக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை என்று சொல்லிவிட்டது. அதில் பாதி இது. ஆனாலும் 350 வாங்குகிறவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையா? மாதச் சம்பளம் என்ற வார்த்தையே போதும். ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே குழுவின் 2018 ஒழுங்குமுறையில் இருக்கிறது. இந்த ஜனவரியில் வெளியிட்ட வரைவில் அந்த வரம்பையே காணோம் என்று வரலாற்றுத் துறை அண்ணன் சொன்னார். அவர் 52 வயது கெஸ்ட். டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார், கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோன குரலில்.

விண்ணப்பத்துக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும். இப்போதைய கல்லூரியில் கேட்டவுடன் தருவார்கள். சிக்கல் பழைய இடத்தில். 2016 ஜூனிலிருந்து 2019 ஏப்ரல் வரை மூன்று வருஷம் செங்குன்றம் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்தேன். வெளியே வரும்போது சான்றிதழ் வாங்கத் தோன்றவில்லை. 2019 கடைசியில் உதவிப் பேராசிரியர் தேர்வுக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 15 என்று அனுபவத்துக்குக் கணக்குப் போட்டார்களே, அப்போதாவது ஓடியிருக்க வேண்டும். 2,331 இடங்களுக்கு வந்த அந்த அறிவிப்பே பிறகு இல்லாமல் போனது வேறு கதை.

ஜூலை 24, வியாழன்

காலையில் கிளம்பி, மூலக்கடையில் பஸ் மாறிப் போனேன். பழைய கல்லூரிக்கு இப்போது கிரானைட் முகப்பு. முதல்வர் புதியவர். கணக்கர் மட்டும் பழையவர், தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. “பாலிடிக்ஸ் மேடம் தானே?”

அரை மணி நேரம் தேடிவிட்டு வந்தார். “மேடம், சம்பளப் பதிவேட்டுல உங்க பேரே இல்ல.”

“மாசா மாசம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து போட்டேனே சார்.”

“அது வவுச்சர் மேடம். செலவுக் கணக்கு. சாக்பீஸ், ஃபினாயில், கெஸ்ட்டு, எல்லாம் ஒரே ஃபைல்ல போயிடும்.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை, எந்த அலமாரி என்று யோசித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த ஸ்டாம்ப் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டினால் பசையின் கசப்பு மதியம் வரை போகாது. கையெழுத்தின் பாதி ஸ்டாம்ப் மேல், மீதி காகிதத்தில் விழ வேண்டும். ஸ்டாம்ப்புக்கான ஒரு ரூபாயையும் நம்மிடம்தான் வாங்குவார்கள்.

முதல்வர் நல்லபடியாகத்தான் பேசினார். ஒரு வரைவு தட்டச்சு செய்யச் சொன்னார். வந்ததைப் படித்தால், “தேவைப்படும்போது அழைக்கப்பட்டு வகுப்பெடுத்தவர்” என்று இருந்தது. வாரம் 18 மணி நேரம், மூன்று வருஷம், கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வந்தபோது துறைத் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்தது உட்பட. அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். வவுச்சர் கிடைத்தால் தேதியோடு எழுதித் தருகிறேன் என்றார்.

இரண்டு வகுப்பு போச்சு. 700 ரூபாய்.

ஜூலை 30, புதன்

கணக்கர் போன் செய்தார், வகுப்பு நடுவில். வெளியே வந்து எடுத்தேன். முதல் இரண்டு வருஷக் கட்டு கிடைத்துவிட்டதாம். மூன்றாவது வருஷம் கீழ்த்தட்டில் இருந்திருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அறைக்குள் தண்ணீர் வந்தபோது ஊறிப்போனதை வாரித் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். “நான்தான் மேடம் குப்பை வண்டில ஏத்துனேன்” என்றார் பாவமாக. அந்த வாரம் எங்கள் தெருவிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர், எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்ப் படலம் வேறு. யாரைக் குறை சொல்ல? சம்பளம் ரொக்கமாகத்தான் வாங்கினேன், வங்கியிலும் தடயம் கிடையாது.

ஆகஸ்ட் 2, சனி

சான்றிதழ் கைக்கு வந்தது. 2016 ஜூன் முதல் 2018 ஏப்ரல் வரை, அரசியல் அறிவியல் விரிவுரையாளர். ‘தேவைப்படும்போது’ இல்லை. ஊதா முத்திரை கொஞ்சம் கலங்கியிருந்தாலும் பெயர் தெளிவாக இருக்கிறது. கணக்கருக்கு ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். வேண்டாம் வேண்டாமென்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் பேப்பர் பார்த்தேன். பீகார் வரைவுப் பட்டியல் நேற்று வந்துவிட்டது. ஏறக்குறைய 65 லட்சம் பெயர்கள் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் பிரவுசிங் சென்டர். கடைசி நாள், எனக்கு முன்னால் நான்கு பேர். அதில் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள், தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். அனுபவம் எத்தனை ஆண்டு என்ற கட்டத்தில் பையன் ‘9’ என்று அடித்துவிட்டான். சான்றிதழ் இருப்பது எட்டுக்குத்தான் தம்பி என்று மாற்றச் சொன்னேன். “ஒன்பதுன்னே இருக்கட்டுமே அக்கா, யாரு பாக்கப்போறா?” எட்டு என்றே போட்டு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பீகார் பட்டியலில் நீக்கிய பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னதை வகுப்பில் எடுத்தேன். காரணங்களைப் பலகையில் எழுதினேன்: இறப்பு, இடமாற்றம், இரட்டைப் பதிவு. ‘தண்ணியில போச்சு’ என்று ஒரு காரணம் கிடையாதா மிஸ் என்று வியாசர்பாடிப் பையன் கேட்டான். வெள்ளத்தில் அவன் வீட்டு ரேஷன் கார்டு போன கதையைச் சொன்னான். நான் என் கதையைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

குஜராத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் 30,000 ரூபாயில் ஓட்டிக்கொண்டிருந்தார்களே, நேற்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. மேடையில் ‘குரு பிரம்மா’ சொன்னால் மட்டும் போதுமா என்று நீதிபதிகள் கேட்டிருக்கிறார்கள். ஒரே நாளில் ஆறு குரூப்பிலிருந்து அந்தச் செய்தி எனக்கு வந்துவிட்டது. வரலாற்று அண்ணன் மட்டும், “குஜராத் எங்க, கொருக்குப்பேட்டை எங்க” என்று போட்டிருந்தார். தீர்ப்பு முழுதையும் இறக்கி வைத்திருக்கிறேன். சமவேலைக்குச் சமஊதியம் நடத்தும்போது 2016 ஜக்ஜித் சிங் வழக்கோடு இதையும் சேர்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கெஸ்ட் நோட்டு தீர்ந்துவிட்டது. அலுவலக உதவியாளர் புது நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்துக்குப் பதினோரு பெயர் எழுத இடம். நாங்கள் ஒன்பது பேர்.

“பழசை என்ன பண்ணுவீங்க அண்ணா?”

“எடைக்குத்தான்.”

நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முதலில் யோசித்தார், அப்புறம் உள்ளே யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “பைக்குள்ள வெச்சுக்க மேடம்” என்றார். அரிசி டப்பாவுக்கு மேல் பரணில் வைத்திருக்கிறேன், பாலிதீன் கவரில் சுற்றி. அங்கே வரைக்கும் தண்ணீர் ஏறாது.