வேன் டிவி: பொட்டியை இறக்கி எல்இடி ஏற்றும்போது

ஆடி வெள்ளிக்குப் படவேடு, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, கார்த்திகை பிறந்தால் சபரிமலை. இந்த டிரிப்புகளுக்கு வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கமிருந்து கிளம்பும் பழைய டூரிஸ்ட் வேன்களில் டிரைவருக்குப் பின்னால், தலைக்கு மேலே, ரெக்சின் போர்த்திய பிளைவுட் பொட்டி ஒன்று தொங்கும். உள்ளே 14 இன்ச் பிக்சர் டியூப் டிவி, அதன்கீழ் டிவிடி பிளேயர், சீட்டடியில் எங்கேயோ ஒரு இன்வெர்ட்டர். அதைக் கழற்றி எல்இடி போடலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி எத்தனை இன்ச் என்பதுதான். இன்ச் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பாருங்கள்.

12 சீட், 17 சீட் டிராவலர் வேன்களில் பெரும்பாலும் ஒரே பேட்டரி, 12 வோல்ட். கரூரில் பாடி கட்டி வந்த மினி பஸ், பெரிய பஸ் என்றால் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் இருக்கும். 24 வோல்ட் வண்டியில் சிலர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள்: இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை இழுத்து டிவிக்குக் கொடுத்துவிடுவது. டிவி ஓடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சார்ஜ் ஆகும்போது மற்றது நிரம்பி வழியும், இது அரைகுறையாகவே நிற்கும். சில மாதத்தில் இரண்டுமே போகும். 24-இலிருந்து 12 ஆக்கித் தரும் டிசி கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போடுவதுதான் சரி. அதன் விலை ஒரு பேட்டரி விலையில் சின்னப் பங்குதான்.

அடுத்து டிவியின் முதுகு. கடையில் படத்தைப் பார்ப்பதற்கு முன் பின்பக்க லேபிளைப் படியுங்கள். 24 இன்ச்சும் அதற்குக் குறைந்ததும் பல மாடல்களில் வெளியே தனி அடாப்டரோடு வரும். லேபிளில் 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் வேனுக்கு அதைவிடத் தோதானது கிடையாது, இன்வெர்ட்டரே வேண்டாம். 19 வோல்ட் என்று போட்டிருந்தால் 12 வோல்ட் கொடுத்துப் பிரயோஜனமில்லை, சிவப்பு லைட் எரிந்து அணையும். அதற்கு வோல்ட்டை ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர் வேண்டும். 32 இன்ச் பெரும்பாலும் நேரே 230 வோல்ட் கேட்கும்.

12 சீட் வேனுக்கு 24 இன்ச் போதும். 14 இன்ச் பொட்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவே பெரிய திரை. 24 இன்ச்சின் திரை மட்டும் சுமார் 53 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். 32 இன்ச் என்றால் 71-க்கு 40. சட்டம் சேர்த்தால் இன்னும் இரண்டு மூன்று செ.மீ. கூடும். அந்த 10 செ.மீ. கூடுதல் உயரம் கீழே இறங்கி வந்து இரண்டு தொந்தரவு தரும்: ஏறுகிறவர் தலையில் மூலை இடிக்கும், உள் கண்ணாடியில் டிரைவருக்குப் பின்பக்கம் தெரிவதை மறைக்கும். அட்டைப்பெட்டியை அதே அளவுக்கு வெட்டி, டிவி வரப்போகும் இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. திரை எந்தக் கோணத்திலும் டிரைவர் கண்ணில் படக்கூடாது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனையைக் கடையிலேயே செய்யலாம். டிவி ஓடும்போது கீழே குந்தி உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். டியூப் டிவி எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும். மலிவான எல்இடி பேனல் சில கீழேயிருந்து பார்த்தால் கறுத்து, முகமெல்லாம் நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி தெரியும். வேனில் எல்லோருமே கீழேயிருந்துதான் பார்க்கப் போகிறார்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைப் பேனல் கிடைத்தால் நல்லது. எதுவாக இருந்தாலும் 10 முதல் 15 டிகிரி முன்பக்கம் சாய்த்துத்தான் மாட்ட வேண்டும்.

இனிப் பழையதை இறக்குவது. பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். 14 இன்ச் டியூப் டிவி ஏறக்குறைய பத்து கிலோ. எடை முழுக்க முன்பக்கக் கண்ணாடியில் இருப்பதால், இரும்புப் பட்டையின் கடைசி போல்ட் கழன்றதும் முன்னால் கவிழப் பார்க்கும். ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் கழற்றட்டும். தூக்கும்போது திரை உங்கள் நெஞ்சைப் பார்த்திருக்கட்டும். பின் மூடியைத் திறக்கவே வேண்டாம். டியூபின் ஆனோடில் (உயர் வோல்ட் ஒயர் சேரும் முனை) டிவி ஓடும்போது 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஒயரைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சார்ஜ் தங்கியிருக்கும். காப்பருக்காக டியூபை உடைப்பது இன்னும் மோசம். உள்ளே வெற்றிடம் என்பதால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துத் தெறிக்கும், அந்தக் கண்ணாடியில் ஈயமும் கலந்திருக்கிறது. முழுசாக அப்படியே அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

காலியான பொட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அது தொங்குகிற ஸ்கொயர் பைப்தான் உங்களுக்குக் கிடைத்த அஸ்திவாரம். பொட்டியின் முன்வாயை 12 எம்எம் பிளைவுட்டால் மூடி, அதில் டிவியை மாட்டினால் பின்னால் 40 செ.மீ. ஆழத்துக்கு இடம் மிஞ்சும். கன்வெர்ட்டர், ஃபியூஸ், ஒயர் மிச்சம் எல்லாம் அதில் அடங்கும். இரண்டு பக்கமும் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, டிவிக்கும் பலகைக்கும் நடுவில் ஐந்து செ.மீ. விட வேண்டும். கிளீனர் தன் லுங்கி, துண்டையெல்லாம் அதற்குள் திணிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

வீட்டுக்கு வாங்குகிற மடக்குக் கை ஸ்டாண்டு வேனுக்கு ஆகாது. கை நீண்டிருக்கும்போது ஒவ்வொரு குழிக்கும் டிவி தலையாட்டும், அந்த ஆட்டம் முழுக்கப் பின்பக்கத் திருகு ஓட்டையில் போய் விழும். தட்டையான ஃபிக்ஸட் மவுண்ட் போதும், சாய்வுக்கு மேலே ஒரு கட்டை வைத்துக்கொள்ளலாம். டிவியின் முதுகில் நான்கு ஓட்டை இருக்கும்: 24 இன்ச்சில் பெரும்பாலும் 75-க்கு 75 அல்லது 100-க்கு 100 எம்எம் இடைவெளி, திருகு எம்4 (4 எம்எம் கனம்). 32 இன்ச்சில் 200 எம்எம் இடைவெளியும் வரும், திருகு மாடலுக்கு மாடல் எம்4 அல்லது எம்6. திருகு நீளத்தில் கவனம் வேண்டும். ஓட்டையின் ஆழத்தை ஒரு தீக்குச்சியை விட்டு அளந்துகொண்டு, மவுண்ட் தகட்டின் கனத்தைக் கூட்டி, அதற்கு இரண்டு எம்எம் குறைவாக வாங்குங்கள். நீளமான திருகை முறுக்கினால் பேனலையே குத்தும். அந்த இடத்தில் வரும் கறுப்புப் புள்ளிக்கு மருந்து கிடையாது.

பிளைவுட்டோடு மவுண்ட் சேரும் இடத்தில் மர ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் நாலு தடவை ஏறி இறங்கினால் மர ஸ்க்ரூ தானே வெளியே வந்து எட்டிப் பார்க்கும். எம்6 போல்ட்டை முன்னிருந்து பின்னாக விட்டு, பின்னால் அகலமான வாஷர், அதிர்வில் கழலாத நைலாக் நட். மவுண்டுக்கும் பலகைக்கும் நடுவில் மூன்று எம்எம் ரப்பர் ஷீட் துண்டு. டிவி பக்கத்து எம்4 திருகுக்கு ஸ்பிரிங் வாஷரும் ஒரு சொட்டு நீல நிறத் திரெட் லாக்கரும் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை). சிவப்பு நிறத்தைப் போட்டால் அப்புறம் கழற்றவே முடியாது. புதிதாக எங்கேயாவது டிரில் போட வேண்டியிருந்தால் சீலிங்கைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்காமல் போடாதீர்கள். உள்ளே ஸ்பீக்கர் ஒயர் போகும், ஏசி டக்ட் போகும். கூரைத் தகட்டில் ஓட்டை விழுந்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் நேரே டிவிக்குள் இறங்கும்.

கரண்ட் விஷயம்தான் நிறைய வண்டியில் கோட்டை விடுகிற இடம். டிவி 12 வோல்ட் என்பதற்காகப் பேட்டரியிலிருந்து நேரே கொடுத்துவிடக் கூடாது. இன்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது 13.8 முதல் 14.4 வோல்ட். செல்ஃப் அடிக்கிற நேரத்தில் அது 10-க்குக் கீழே போகும், அடுத்த நொடி துள்ளி எழும். உள்ளே வருவது 9-ஆனாலும் 15-ஆனாலும் வெளியே சீராக 12 தரும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர், 5 ஆம்பியர் அளவில், நடுவில் இருக்க வேண்டும். வோல்ட்டை இறக்க மட்டுமே தெரிந்த, பக் மட்டும் உள்ள மலிவான வகை வாங்கினால் பேட்டரி இறங்கியிருக்கும்போது டிவி அணைந்து அணைந்து எரியும்.

ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், சிவப்பும் கறுப்பும் இரண்டுமே பேட்டரி வரைக்கும் போக வேண்டும். பாடி எர்த்தை நம்பாதீர்கள், பழைய வண்டியில் துருவுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில்தான் அந்த எர்த் இருக்கிறது. ஐந்து மீட்டர் தூரத்தில் 4 ஆம்பியர் ஓடினால் 2.5 ஒயரில் சுமார் 0.3 வோல்ட் நஷ்டம். அதே இடத்தில் மெலிசான 1 ஸ்கொயர் ஒயர் போட்டால் 0.7 வோல்ட். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 7.5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். ஃபியூஸைக் கொண்டுபோய் டிவிக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவழியில் ஒயர் தோல் உரிந்து பாடியில் உரசும்போது அதைக் காப்பாற்ற யாருமில்லை. தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ஓட்டை விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையம், அதாவது கிராமெட்.

சுவிட்ச் டேஷ்போர்டில், டிரைவர் கைக்கு எட்டும்படி. அதோடு ஒரு 12 வோல்ட் ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய லைனை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்). அதன் கால்களில் எண் போட்டிருக்கும்: 30-இல் ஃபியூஸிலிருந்து வரும் பிளஸ், 87-இல் கன்வெர்ட்டர், 86-க்குச் சாவி ஆன் செய்தால் வரும் லைனை இந்தச் சுவிட்ச் வழியாகக் கொடுத்து, 85-ஐ எர்த் செய்ய வேண்டும். வண்டி 24 வோல்ட் என்றால் ரிலேயும் 24 வோல்ட் காயில் உள்ளதாக இருக்க வேண்டும். சாவியை எடுத்ததும் எல்லாம் அணையும். இது இல்லாமல், இன்வெர்ட்டரை ஆனிலேயே விட்டுவிட்டு, சீசன் முடிந்து வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும்? சும்மா இருக்கும் இன்வெர்ட்டர் ஒரு ஆம்பியர் குடித்தாலே ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றாம் நாள் செல்ஃப் அடிக்காது.

32 இன்ச்தான் வேண்டும் என்றால் இன்வெர்ட்டர் தேவை. டிவி 50, 55 வாட்தான், 150 வாட் இன்வெர்ட்டர் தாராளம். பழைய டியூப் டிவி ஆன் ஆகும் நொடியில் இழுத்த வேகத்துக்காகத்தான் அன்றைக்கு 300 வாட் வைத்தார்கள். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் எல்இடி ஓடும், கொஞ்சம் இரைச்சல் இருக்கலாம். அதைச் சாதா மல்டிமீட்டரால் அளந்தால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 255 காட்டும். பயப்பட வேண்டாம், அந்த மீட்டர் வீட்டுக் கரண்ட்டின் சைன் அலைக்கு அளவு வைத்தது, சதுர அலையில் பதினொரு சதவீதம் கூட்டிச் சொல்லும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அருகில் இருக்கட்டும். அங்கிருந்து டிவி வரை போகும் 230 வோல்ட் ஒயர் குழாய்க்குள் போக வேண்டும்.

சவுண்ட். எல்இடியின் ஸ்பீக்கர் சின்னது, டீசல் சத்தத்தில் கேட்காது. வண்டி ஆம்ப்ளிஃபையருக்கு 3.5 எம்எம் ஜாக்கிலிருந்து கொடுக்கலாம், ஆனால் சில மாடல்களில் அந்த ஜாக்கே இல்லை, ஒளி வழியாகச் சவுண்டை அனுப்பும் ஆப்டிக்கல் மட்டும்தான். வாங்கும்போதே பாருங்கள், இல்லையென்றால் மாற்றித் தரும் சின்ன டப்பா தனியாக வேண்டும். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஙொய்ய்' சத்தம் வந்தால் டிவியின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து முடியுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஆடியோ ஒயரில் இந்த எர்த் இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் போடுங்கள்.

படத்துக்குப் பென் டிரைவே போதும். அதை நேரே டிவியில் குத்தினால் வெளியே நீட்டிக்கொண்டிருந்து யாராவது பை இடித்து போர்ட்டோடு உடையும், அதனால் ஒரு அடி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுப் பொட்டி ஓரத்தில் கட்டுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைப் படம் ஏறாது. டிவி மெனுவில் ஹோட்டல் மோடு இருந்தால் அதில் நுழைந்து, கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படியும், அதிகபட்ச வால்யூம் இவ்வளவுதான் என்றும் வைத்துவிடலாம். ரிமோட் தொலைந்த பிறகுதான் இதன் அருமை தெரியும். பேக்லைட் 100-இல் வரும், 70-க்கு இறக்குங்கள். எல்இடி பட்டை நாள்பட உழைக்கும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் நம் ஊர் வெயில் ஒன்று இருக்கிறது. கத்திரியில் ஸ்ரீபுரம் பொற்கோவிலிலோ வேலூர் கோட்டை எதிரிலோ கண்ணாடி ஏற்றி நிறுத்திய வேனுக்குள் சூடு 60 டிகிரியை எளிதாக எட்டும். எல்சிடி பேனலைச் சும்மா வைத்திருப்பதற்கே பல கம்பெனிகள் வைக்கும் எல்லை அதுதான். டியூப் டிவிக்கு இந்தக் கவலை கிடையாது. முன் கண்ணாடி வழியாக வரும் வெயில் டிவியின் முதுகில்தான் விழும், அதனால் வண்டியை நிறுத்தியதும் முன் கண்ணாடிக்கு மறைப்பு போடுங்கள். திரும்ப எடுக்கும்போது கதவைத் திறந்து பத்து நிமிடம் காற்று போக விட்டுத்தான் டிவியை ஆன் செய்ய வேண்டும். திரையில் கறுப்புத் திட்டு தெரிந்தால் அணைத்துவிடுங்கள், ஆறியதும் பெரும்பாலும் மறையும். ஏசி வண்டியில் எதிர்த் தொல்லை: டக்ட்டிலிருந்து சொட்டும் நீர். டக்ட் வாய்க்கு நேர் கீழே டிவி வராமல் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் எச்டிஎம்ஐ, பவர் ஒயர் இரண்டையும் ஜாக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி மவுண்டோடு டை போட்டுக் கட்டி, டிவியை ஓட விட்டு, அமிர்தி ரோடு மாதிரி ஒரு மேடுபள்ளப் பாதையில் இருபது கிலோமீட்டர் போய் வாருங்கள். வந்து ஸ்பேனரை வைத்தால் எட்டில் குறைந்தது இரண்டு போல்ட்டாவது இன்னும் கால் சுற்று இறுகும். திரையில் நெட்டுக்குத்தாகக் கோடு விழுந்திருந்தால் உள்ளே ரிப்பன் கேபிள் அசைந்திருக்கிறது, கேரண்டி இருக்கும்போதே கடைக்குக் கொண்டுபோக வேண்டிய விஷயம் அது. பில்லை டேஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் எழுத்து மறைந்துவிடும்.