பியோங்யாங்கில் முதல் நாள்

பெய்ஜிங்கிலிருந்து வட கொரியாவின் ஏர் கொர்யோ விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்று கொடுத்தார்கள். நம்மூர்ப் பழக்கத்தில் நான்காக மடித்து முன்சீட்டுப் பையில் செருகப் போனேன். பணிப்பெண் வேகமாக வந்து தாளை என் கையிலிருந்து வாங்கினார். முதல் பக்கத்தில் அந்நாட்டுத் தலைவர் கிம் ஜாங் உன் படம். அதன் மேல் மடிப்பு விழாதபடி உள்ளங்கையால் நீவி, ஒரு வார்த்தை பேசாமல் திருப்பித் தந்தார். தலைவர் படம் உள்ள தாளை மடிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது என்று பயண ஏற்பாட்டாளர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டு வந்தும் கை தன் பாட்டுக்கு மடித்துவிட்டது.

அது 2018 அக்டோபர். வட கொரியா போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் பேசியது ஓட்டோ வார்ம்பியர் என்ற அமெரிக்க மாணவரைப் பற்றித்தான். ஓட்டலில் பிரச்சாரப் பதாகை ஒன்றைத் திருட முயன்றதாக 2016-இல் அவருக்கு 15 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். 2017 ஜூனில் நினைவில்லாமல் ஊர் திரும்பி, சில நாட்களில் இறந்துபோனார். நான் தங்கப் போவதும் அதே யாங்காக்டோ ஓட்டல்தான்.

விமான நிலையத்தில் போனை வாங்கிப் பார்த்தார்கள், புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்புறம் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வெளியே வந்தது. அம்மா நாள்காட்டித் தாளில் மடித்து வைத்த விபூதி. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. என்னவென்று சொல்வது? விரலில் தொட்டு நெற்றியில் இட்டுக் காட்டினேன். அதிகாரி சாம்பலைக் கண்டுகொள்ளவே இல்லை. தாளைத்தான் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தார்.

வெளியே இரண்டு வழிகாட்டிகள் நின்றிருந்தார்கள், ஓர் ஆண், ஒரு பெண். இருவர் நெஞ்சிலும் இடது பக்கம் தலைவர்கள் படம் போட்ட சின்ன வில்லை. அவர்கள் இல்லாமல் எங்கும் போக முடியாது. பாஸ்போர்ட்டையும் அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நேராக மான்சு குன்றுக்குப் போனோம். 1972-இல், நாட்டை நிறுவிய கிம் இல் சுங்கின் 60-ஆவது பிறந்தநாளுக்கு வைத்த வெண்கலச் சிலை. 2012-இல் பக்கத்தில் அவர் மகன் கிம் ஜாங் இல்லுக்கும் வைத்தார்கள். இரண்டும் 20 மீட்டருக்கு மேல் உயரம். பூங்கொத்து வாங்கிப் படியில் வைத்து, வரிசையாக நின்று குனிய வேண்டும். கும்பிட எழுந்த கைகளைப் பக்கவாட்டில் இறுக்கிக்கொண்டேன். படம் எடுத்தால் தலையோ காலோ வெட்டுப்படக் கூடாது, இரண்டு சிலையும் முழுதாக வர வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் சிலை மாதிரியே கையை நீட்டிக்கொண்டு படம் எடுக்கச் சொன்னார். அந்தப் பெண் வழிகாட்டி ஓடி வந்தார். கோபப்படவில்லை, கத்தவில்லை. "தயவு செய்து கையை இறக்குங்கள்" என்றார். முகம் வெளுத்திருந்தது. பேசும்போதே கண் குன்றின் ஓரத்தில் நின்ற ஆட்களை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பியது. நமக்கு ஏச்சோடு போய்விடலாம், சங்கடம் வழிகாட்டிக்குத்தான் என்றும் அந்த ஏற்பாட்டாளர் சொல்லியிருந்தார். அப்போது அது காதில் ஏறவில்லை. அதுவரை எனக்கு என்ன ஆகுமோ என்றே பயந்துகொண்டிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என் நினைப்பெல்லாம் அவரைப் பற்றித்தான்.

சரி, ஓட்டல். தேடோங் ஆற்றுக்கு நடுவில் ஒரு தீவில் இருக்கிறது, 47 மாடி. லிஃப்டில் 5-ஆம் மாடிக்குப் பொத்தானே கிடையாது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பாடு என்ன என்பது இப்போது நினைவில்லை.

அறைக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு அன்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாடு திரும்பும்போது கேமராவைச் சோதிப்பார்களாம். ஒரு படத்தில் மகன் சிலையின் கால் வெட்டுப்பட்டிருந்தது. அழித்தேன். இன்னொன்றில் அந்தப் பெண் வழிகாட்டி கலைந்த முடியோடு அசந்து நின்றிருந்தார். அன்று எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான். அதையும் அழித்தேன். பிறகு செய்தித்தாளை எடுத்து, மடிப்பு விழாமல், பெட்டியில் சட்டைகளுக்கு மேலே விரித்து வைத்தேன்.