கூஸ் ஸ்பிட் மணல்ல ஒரு விட்டில் பூச்சி

மே 17
லீவு நாளா பாத்து மண்வெட்டியோட கெளம்பியாச்சு. கனடாவோட மேற்குக் கரையில, காமாக்ஸ் ஊர் பக்கத்துல கூஸ் ஸ்பிட்னு கடலுக்குள்ள நீண்டு கிடக்கற மணல் திட்டு, அங்க ஸ்காட்ச் புரூம்ங்கற வெளிநாட்டுப் புதர்ச்செடியை வெட்டற வாலண்டியர் வேலை. செடி பூரா மஞ்சப்பூ, தங்கம் மாதிரி இருக்கு, அதைப் போயி வெட்டச் சொல்றாங்களேன்னு எனக்கு மனசே வரல. பூத்திருக்கறப்ப வெட்டினாதான் மறுபடி அவ்வளவா துளிர்க்காதாம்.

கூட இருந்த ஒரு பாட்டிதான் காரணம் சொன்னாங்க. இங்க சாண்ட் வெர்பீனா மாத்னு ஒரு விட்டில் பூச்சி இருக்கு, முட்டை போடறது புழு திங்கறது பெருசானப்புறம் தேன் குடிக்கறது எல்லாமே மஞ்ச சாண்ட் வெர்பீனாங்கற ஒரே செடியிலதான். அந்தச் செடிக்கோ காத்துல நகர்ற வெறும் மணல் வேணும். புரூமும் புல்லும் வந்து மணலை இறுக்கிடுச்சுன்னா செடி காலி, அப்புறம் பூச்சி எங்க போகும்?

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சுனாமிக்கு அப்புறம் எங்க ஊர்ப் பக்கம் கடற்கரை பூரா சவுக்கு வச்சதைப் பாத்து வளந்தவ நான், மணல்னா பச்சையாக்கணும்னே பதிஞ்சு போச்சு. இங்க பச்சைதான் எதிரி.

மே 25
வெர்பீனாவை இன்னிக்குதான் கிட்ட பாத்தேன். நம்ம அடப்பங்கொடி மாதிரியே தரையோட படருது. இலை தடியா, பிசுபிசுன்னு, மேல பூரா மணல் ஒட்டிக்கிட்டு இருக்கு. சும்மா ஒட்டல அது, கவசமாம். கலிஃபோர்னியாவுல சில இலையில மணலைத் துடைச்சு விட்டுப் பாத்திருக்காங்க, துடைச்ச இலையைத்தான் பூச்சிங்க அதிகமா கடிச்சிருக்கு. அத்தனை மணலையும் மீறி இதையே தின்னு வளருது நம்மாளோட புழு, ராத்திரி தின்னுட்டு பகல்ல மணலுக்குள்ள போயி படுத்துக்குமாம்.

ஜூன் 13
விட்டில் பாக்கப் போனேன். காத்து. ஒண்ணும் வரல. இங்க இப்போ சூரியன் மறையவே ஒன்பதரை ஆகுது, வீடு வந்து சேர பன்னெண்டு.

ஜூன் 15
பாத்துட்டேன்!! டார்ச்சுல சிவப்பு கண்ணாடி பேப்பர் சுத்தி எடுத்துட்டுப் போனோம், பாதையை விட்டு இறங்கக் கூடாது, தொடவும் கூடாதுன்னு பாட்டி கண்டிப்பா சொல்லிட்டாங்க. இருட்ட ஆரம்பிச்சதும் பூ வாசனை கும்முனு ஏறுச்சு, கொஞ்ச நேரத்துல ஒண்ணு வந்து மஞ்சக் கொத்து மேல உக்காந்து உறிஞ்சுது. அடி பிடிச்ச வெல்லப்பாகு கலர், றெக்கையை விரிச்சா நாலு சென்டிமீட்டர் இருக்கலாம், அவ்வளவுதான். வரிசையா நூறு பூச்சி இருந்தா இதை யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. ஆனா இது இருக்கற இடம் உலகத்துலயே இந்தக் கடலோரமும் பக்கத்துல அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலக் கரையும்தான், விரல் விட்டு எண்ணிடலாம். 1990கள்லதான் இதுக்கு அறிவியல் பேரே வச்சாங்க, 2003லயே கனடாவுல இது அழிவு ஆபத்துல இருக்குன்னு மதிப்பிட்டுட்டாங்க. பேரு வச்ச கையோட!

அம்மாகிட்ட வாட்ஸப்ல சொன்னேன். "ஏன்டி, விட்டில் பூச்சி பாக்கவா அவ்ளோ தூரம் போன, இங்க டியூப்லைட்டைச் சுத்தி வராததா?"

ஜூலை 8
பறக்கற சீசன் முடிஞ்சிருச்சு. இனி புழு காலம், குளிருக்கு மணலுக்குள்ள தூங்கிட்டு வசந்தத்துல மறுபடி மேல வந்து தின்னுட்டு அப்புறம்தான் கூட்டுப்புழு ஆகும். இன்னிக்கு பாப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். வழக்கமா மணல்மேட்டுல ஏறி உருள்றவ, "அடியில தூங்குதும்மா"ன்னு சொல்லிட்டு ஈர மணல் ஓரமாவே நடந்து வந்தா. கார் நிறுத்தற இடத்துல ரெண்டு பேரு நாயை மேட்டு மேலயே ஓட விட்டுட்டு இருந்தாங்க. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சிட்டே நின்னேன், அதுக்குள்ள பாப்பாவே போயி சொல்லிட்டா.