விழித்திரைப் படம் முதல் தடவையே தேற வேண்டும்

சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்து, தொலைவில் இருக்கும் கண் டாக்டருக்கு அனுப்பும் குறைந்த செலவுப் பரிசோதனையில் எல்லோரும் விசாரிப்பது கேமராவையும் ஏஐ மென்பொருளையும் பற்றித்தான். நாங்கள் செய்து பார்த்தவரை காசு கரைவது தேறாத படங்களில். படம் சரியில்லை என்றால் அந்த மனிதர் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டும். பலர் வரமாட்டார்கள். தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கூகுளின் ஏஐ-யை வைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று மென்பொருள் தள்ளிவிட்டது. பல இடங்களில் அறை வெளிச்சமே காரணம்.

ஆகவே முதல் வேலை இருட்டு. சொட்டு மருந்து போடாமல் எடுக்கும் கேமராவுக்குக் கண் பாப்பா (கருவிழி நடுவில் வெளிச்சம் நுழையும் துளை) ஏறக்குறைய 4 மி.மீ. விரிய வேண்டும். கதவிடுக்கு, கணினித் திரை, சார்ஜர் விளக்கு எல்லாவற்றையும் மறையுங்கள். ஒரு கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் மறு கண்ணின் பாப்பாவும் சுருங்கும். ஐந்து நிமிடமாவது விடவேண்டும். அந்த இடைவெளியில் அடுத்தவரை உட்காரவைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் படங்கள் ஆள் மாறிப் பதிவாவதும் அப்போதுதான். ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் பெயரையும் வயதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, திரையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

கண்ணுக்கு இரண்டு படம்: மாகுலா (கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் மையப் பகுதி) நடுவில் ஒன்று, பார்வை நரம்பு வட்டு (நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடம்) நடுவில் ஒன்று. எடுத்த உடனே பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி இருந்தால் அது நோய் இல்லை, கேமரா லென்ஸில் தூசி. ஊதுகுமிழால் ஊதிவிட்டு லென்ஸ் தாளால் துடையுங்கள், சட்டைத் துணி கூடவே கூடாது. ஓரத்தில் வெள்ளைப் பிறை தெரிந்தால் கேமரா தூரம் தவறு, அல்லது பாப்பா சிறியது. படம் முழுக்க மங்கல் என்றால் இரண்டு முறை கண் சிமிட்டச் சொல்லி மறுபடி எடுங்கள். அப்போதும் மங்கலாகவே இருந்தால் கண்புரையாக இருக்கலாம். எத்தனை முறை எடுத்தாலும் அது தெளியாது, டாக்டரிடம் அனுப்புவதுதான் வழி.

கண்ணுக்கு இரண்டு முயற்சிக்கு மேல் வேண்டாம். தேறாவிட்டால் பாப்பாவை விரிக்கும் ட்ரோபிகாமைடு சொட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த வழிமுறைப்படி. அதற்குமுன் காதுப் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: மூக்குப் பக்கக் கருவிழியில் நிழல் விழுந்தால் கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகலாக இருக்கலாம், சொட்டு போடக்கூடாது. பாப்பா விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வண்டி ஓட்டக்கூடாது. இதைச் சொட்டு போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நெட்வொர்க் இல்லையென்றால் படத்தைக் கருவியிலேயே வைத்திருந்து பிறகு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். ஆரம்ப நிலையில் தெரியும் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள் அதிலேயே அழிந்துபோகும்.

ஏஐ 'பாதிப்பு இல்லை' என்றால் அது தேடப் பழக்கப்பட்ட நோய் இல்லை என்றுதான் பொருள். சர்க்கரைப் பாதிப்புக்கு மட்டும் பழக்கியது கண் அழுத்த நோயைச் சொல்லாது. தாளில் அப்படியே எழுதிக்கொடுங்கள். தேறாத படத்தை 'நார்மல்' கணக்கில் சேர்க்காதீர்கள்.

மேல் சிகிச்சை தேவைப்படுபவருக்கு, அவர் நாற்காலியைவிட்டு எழுவதற்குள் தேதி வாங்கிவிடுங்கள். பதிவேட்டில் 'போனாரா?' என்று ஒரு கட்டம் போடுங்கள். தேதிக்கு மறுநாள் போன் செய்து, போகவில்லை என்றால் ஏன் என்று அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள். கூட வர ஆள் இல்லை என்பாருக்கும் பஸ் காசு இல்லை என்பாருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.