ற, ய, ள, ன: ஒரு கீபோர்ட்டோடு மூன்று கிழமை

2025 பெப்ரவரி 5, புதன்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு மெக்கானிக்கல் கீபோர்ட் வாங்கியாயிற்று, ஒவ்வொரு விசைக்குக் கீழும் தனிச் சுவிட்ச் இருக்கிற வகை. 13,500 ரூபாய். ஒரு கல்வெட்டு அடித்த காசும், இன்னொரு கல்வெட்டின் முற்பணமும் சேர்ந்து போனது. வேறு ஊர்களில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு: எங்கள் ஊரில் கல்வெட்டு என்றால் உளியும் சுத்தியலும் இல்லை. ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகம் அது. தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் இருக்கும். பகலில் அச்சகத்தில் அதைத்தான் அடிக்கிறேன். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவேன். இரவு பத்துக்குப் பிறகு கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துவக்குச் சண்டை விளையாட்டு. இரண்டுக்கும் ஒரே மேசை, ஒரே கீபோர்ட்.

கடைப் பெடியன் மூன்று சுவிட்ச் பதித்த சின்னப் பலகையைத் தந்து "அமத்திப் பாருங்கோ அண்ணை" என்றான். நீலம் 'டிக்' என்று சத்தம் போட்டது. பிரவுண் நடுவழியில் சிறிதாகத் தடக்கியது. சிவப்பு ஒரு தடக்கும் இல்லாமல் வழுக்கி இறங்கியது. இந்த நிற வழக்கம் செர்ரி நிறுவனத்துடையது, மற்றவர்கள் பின்னால் வந்தவர்கள். செர்ரியின் சிவப்பு ஏறத்தாழ 45 கிராம் அழுத்தத்தில், 2 மில்லிமீற்றர் இறங்கியதும் எழுத்தைப் பதியும். அடிவரை போனால் 4 மில்லிமீற்றர். நான் வாங்கியதில் இருப்பது அதே மாதிரியான சீனச் சிவப்பு.

நீலத்தில்தான் எனக்கு ஆசை. ஆனால் அடுத்த அறையில் அம்மா படுப்பார். அதோடு முடிந்தது அந்தக் கதை.

வயர் இல்லாதது வேண்டாம் என்று போகும்போதே முடிவு. சார்ஜ் போட மறக்கிற ஆள் நான். கரண்டும் என்னைப் போலத்தான், எப்போது இருக்கும் என்று சொல்ல முடியாது.

பெப்ரவரி 6, வியாழன்

முதல் வேலையாகப் பழைய கீபோர்ட்டின் வியாதி இதில் இருக்கிறதா என்று பார்த்தேன். பழையது ரப்பர் வைத்த மெம்பிரேன் வகை. முன்னுக்கும் இடப்பக்கமும் சேர்த்து ஓடிக்கொண்டு, பேசுவதற்கு நான் வைத்திருந்த வி விசையை அழுத்தினால் பேச்சுப் போகாது. "பின்னால வாறான்" என்று நான் கத்துவது எனக்கும் சுவருக்கும் மட்டும் கேட்கும். கூட விளையாடுகிறவர்கள் என்னை ஊமை என்றே நினைத்திருப்பார்கள்.

காரணம் உயர்தரப் பௌதிகவியலில் படித்ததுதான். விசைகள் நிரையும் நிரலுமாக ஒரு வலையில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் மின்னோட்டம் பின்வழியாகச் சுற்றி, நாலாவது மூலையும் அழுத்தப்பட்ட மாதிரிக் காட்டும். அந்தப் பேய் எழுத்து வரக்கூடாது என்று மலிவான கீபோர்ட்டுகள் மூன்றாவது விசையையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் ஓர் இருவாயி, அதாவது மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட், வைத்தால் பின்வழி அடைபட்டுவிடும். இருவாயிக்குப் பரீட்சைக்கு வெளியே ஒரு பயன் இருக்கிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் கவனித்துப் படித்திருப்பேன்.

சோதித்தேன். இரண்டு உள்ளங்கையையும் விரித்து ஒரேயடியாக அமத்தினேன். பத்துக்கு மேல் எழுத்து விழுந்தது. அந்த வியாதி இல்லை. சொல்லப்போனால் விளையாட்டுக்காக இந்தக் கீபோர்ட் செய்த மிகப் பெரிய உபகாரம் இதுவாகத்தான் இருக்கும் என்று இப்போதே தோன்றுகிறது.

பெப்ரவரி 8, சனி

நான் அடிப்பது பாமினி முறையில், ஆங்கில விசைகளில் தமிழ் எழுத்துகளை வைத்த ஒரு தட்டச்சு முறை அது. யாழ்ப்பாணத்து அச்சகங்களில் பலருக்கு விரல் பழகியது அதுதான். உலகமே விளையாடுகிற டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளும் பாமினியில் ற, ய, ள, ன. முன்னுக்குப் போக ற. இடப்பக்கம் ய. பின்வாங்க ள. வலப்பக்கம் ன. இத்தனை வருடமாக இது என் கண்ணில் படவே இல்லை.

இன்று மூன்று ஆட்டம். தோல்வி, தோல்வி, வெற்றி. பெட்டியில் பெரிதாக 1000 ஹேர்ட்ஸ் என்று போட்டிருந்தது. கீபோர்ட்டைக் கணினி ஒரு செக்கனுக்கு ஆயிரம் தடவை விசாரிக்கிறது என்று அர்த்தம், அதாவது மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை. பழையது 125 தடவை, 8 மில்லிசெக்கனுக்கு ஒன்று. கணக்குப் பார்த்தால் சராசரியாக மூன்றரை மில்லிசெக்கன் மிச்சம். இங்கிருந்து மும்பை சேர்வருக்குப் போய்வர என் இணைப்புக்கு நல்ல நாளிலேயே 50 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகிறது. கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் ஏற வாசல்வரை ஓடிப்போன கதைதான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலை பதினொன்று தாண்டிச் சற்று நேரம். ஆட்டம் நடுவில் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டு பத்து நிமிடம் பிடித்தது. ஆனால் ரவுட்டர் அதில் இல்லை. ஆட்டத்தை விட்டு ஓடினவன் என்று எனக்குத் தடை.

முதலில் எங்கள் ஒழுங்கை மட்டும் என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, இலங்கை முழுவதும் இருட்டு. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாம். அமைச்சரே சொல்லியிருக்கிறார். அம்மா வெற்றிலைத் தட்டை மூடிவைத்துவிட்டு, "அனுமார் எரிச்சது இலங்கை, இவர் அணைச்சுப்போட்டார்" என்றார்.

வேறு வேலை இல்லாததால் பெட்டிக்குள் கிடந்த கம்பிக் கருவியை எடுத்து விசை மூடிகளைக் கழற்றினேன். அதன் மற்ற முனையால் சுவிட்ச்சையும் இழுத்துப் பார்த்தேன். 'டக்' என்று கையோடு வந்துவிட்டது. ஈயம் வைத்து ஒட்டவில்லை, பல்பைப் போலக் கழற்றிப் பூட்டலாம். பெட்டியில் இது எழுதியிருந்தது, நான்தான் நிற விளக்குப் படத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்காமல் விட்டிருக்கிறேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனதில் நேற்றும் இன்றும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. விளையாட்டு இல்லை. வெட்டுக்கு முன்னும் பின்னும் கல்வெட்டு அடித்தேன்.

அடித்ததைத் திருப்பிப் பார்த்தால் கண்ட இடமெல்லாம் ள. "அன்னாரின்ள". "பாசமிகுள". மோதிர விரலை எஸ் மேல் சும்மா வைத்து ஆறவிடுவது என் பழக்கம். ரப்பர் கீபோர்ட் அதைப் பொறுத்துக்கொண்டது. சிவப்புச் சுவிட்ச் விரலின் பாரத்தையே சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. ஓடவும் நிற்கவும் நல்லாக இருக்கிற அதே இலகு, தேவாரம் அடிக்கும்போது தொல்லை. விளையாட்டுக்கு மட்டும் வாங்குகிறவர் சிவப்பை வாங்கலாம். எழுத்து வேலையும் இருந்தால் பிரவுணையும் ஒரு தடவை யோசியுங்கள்.

பெப்ரவரி 13, வியாழன்

டொரன்ரோவில் இருந்து மச்சான் வீடியோவில் எடுத்தான். கீபோர்ட்டைக் காட்டினேன். "உதென்னடா, பழைய ரெக்னோலொஜி" என்றான். அவன் வைத்திருப்பது காந்தச் சுவிட்ச் கீபோர்ட், வூட்டிங் நிறுவனத்துடையது. உள்ளே ஒரு காந்தம் இறங்கும். எவ்வளவு தூரம் இறங்கியது என்று ஓர் உணரி அளக்கும். உலோகம் உலோகத்தில் தொட்டு எழுத்துப் பதிகிற வேலையே இல்லை. விரலைக் கொஞ்சம் தூக்கினாலே விசை விட்டதாக எடுத்துக்கொள்ளும்.

இந்த ஆட்டத்தில் அதற்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. ஓடிக்கொண்டு சுட்டால் குண்டு சிதறும். இடப்பக்கம் ஓடுகிறவன் ய-வை விட்டுவிட்டு ன-வை ஒரு தட்டுத் தட்டினால் சட்டென்று நிற்பான், அப்போது சுட வேண்டும். விடுவதற்கும் தட்டுவதற்கும் இடையிலான அந்தக் கணத்தில்தான் ஆட்டமே இருக்கிறது. 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் 'ஸ்னாப் டாப்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதல் விசையை விடாமலே இரண்டாவதை அமத்தலாம், கடைசியாக அமத்தியதையே கீபோர்ட் எடுத்துக்கொள்ளும். அடுத்த மாதமே, ஆட்டத்தைச் செய்த வால்வ் அதைத் தன் சேர்வர்களில் தடைசெய்துவிட்டது. விரல் செய்யவேண்டியதை இயந்திரம் செய்யக்கூடாது என்ற கட்சி. நானும் அந்தக் கட்சிதான். மச்சானின் கீபோர்ட் விலையைக் கேட்டபிறகு இன்னும் உறுதியாக அந்தக் கட்சி.

பெப்ரவரி 16, ஞாயிறு

இதை எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது. புள்ளி இரண்டு தடவை விழுகிறது.

பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. தமிழ் அடிப்பவனுக்கு வலது கைச் சின்னவிரலின் முழுச் சீவியமும் அந்த ஒரு விசையில்தான். காலையில் இருந்து நாலைந்து சொல்லுக்கு ஒரு தடவை அது இரட்டிக்கிறது. நான் அடிப்பது யுனிகோட் ஆனபடியால், மேலதிகப் புள்ளி ஏற இடம் இல்லாமல் ஒரு புள்ளிவட்டத்தைத் தூக்கிக்கொண்டு தனியே நிற்கிறது. "அமரர்" என்று தலைப்பில் போட்டுவிட்டுப் பார்த்தால் பக்கத்தில் ஒரு வட்டம், கண்ணீர்த்துளி மாதிரி.

சுவிட்ச்சின் உள்ளே இரண்டு உலோகத் தகடுகள். தொடும்போது அவை உடனே ஒட்டி நிற்பதில்லை, நிலத்தில் விழுந்த கோலிக்குண்டு போலச் சில மில்லிசெக்கன் துள்ளும். கீபோர்ட்டின் மூளை துள்ளல் அடங்கும்வரை பொறுத்திருந்து எல்லாவற்றையும் ஒன்றாக எண்ண வேண்டும். விளையாட்டுக் கீபோர்ட்டுகளில் வேகம் காட்டுவதற்காக அந்தப் பொறுமையைக் குறைத்துவிடுவதும் உண்டு. அப்போது சுவிட்ச் சற்று மட்டமாக இருந்தாலும் ஒரு தட்டு இரண்டாகிவிடும். ஆட்டத்தில் இது தெரியவே தெரியாது. ற-வை அமத்தினால் அமத்தியபடியேதான் வைத்திருப்போம், ஓட்டத்தின் நடுவில் ஒரு கணம் விட்டுப் பிடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

பெப்ரவரி 17, திங்கள்

கடைக்குக் கொண்டுபோனேன். ரசீதில் 'ஏழு நாட்களுக்குள்' என்று இருக்கிறது. இன்று பன்னிரண்டாம் நாள். "கேம் விளையாடினா வரத்தான் செய்யும் அண்ணை" என்றார்கள். கேமில் அந்த விசையை நான் தொடுவதே இல்லை என்று விளக்கப் பார்த்தேன். பாமினியில் தொடங்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டேன்.

அச்சகத்து அண்ணையிடம் சொன்னேன். "தம்பி, முந்தி ஈய எழுத்துக் கோத்த காலத்தில ஒரு எழுத்து உடைஞ்சால் பாவிக்காத பெட்டியில இருந்து எடுத்துப் போடுவம்" என்றார். வீட்டுக்கு வந்து கம்பிக் கருவியை எடுத்தேன். 87 விசையில் நான் ஒருபோதும் தொடாதது ஸ்க்ரோல் லொக். அந்தச் சுவிட்ச்சை அரைப்புள்ளிக்கும், அரைப்புள்ளியில் இருந்ததை ஸ்க்ரோல் லொக்குக்கும் மாற்றினேன். ஊசிக்கால் ஒன்று மடங்கிவிட்டது, குறட்டால் நிமிர்த்தினேன். எல்லாம் இரண்டு நிமிடம்.

பிறகு ஒரு பக்கம் முழுக்கத் தேவாரம். புள்ளிக்கு ஒரு புள்ளி.

பெப்ரவரி 22, சனி

சில்லறைக் குறைகளையும் எழுதிவைக்கிறேன். ஸ்பேஸ்பார் தகர டப்பாவில் கல் உருட்டுகிற சத்தம். சுவிட்ச் சத்தம் கேட்காமல் உறங்குகிற அம்மா, இதற்கு முழித்துக்கொள்கிறார். கழற்றக்கூடிய வயர் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் குழி ஒடுக்கமானதால் வீட்டில் இருக்கிற வேறு எந்த யூஎஸ்பி-சீ வகை வயரும் உள்ளே போகாது. மூடிகள் ஏபிஎஸ் பிளாஸ்ரிக், சீக்கிரம் மினுங்காத பிபிடி வகை இல்லை. மூன்று கிழமைகூட ஆகவில்லை, யாழ்ப்பாணத்து வியர்வையில் ய-வும் ன-வும் மினுங்கத் தொடங்கிவிட்டன.

ஆட்டத்தில் என் தரம் வாங்கிய அன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் ஊமை இல்லை என்று மட்டும் கூட விளையாடுகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சிலர் பழையபடி இருந்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். "முழிக்கிறதெண்டால் தேவாரத்தோட முழி, துவக்குச் சத்தத்தோட இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனபடியால், முதல் இரண்டு சாமத்துக்கும் புதிய கல்வெட்டு ஒன்றை அடித்தேன். 16 பக்கம், ஒரு வட்டமும் விழவில்லை.

மச்சான் எடுத்தான். பழுது பார்த்த கதையைச் சொன்னபோது, "அப்ப அந்தப் பழுதான சுவிட்ச் இப்ப என்ன செய்யுது?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. போனை கீபோர்ட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஸ்க்ரோல் லொக்கை ஒரு தட்டுத் தட்டினேன். சின்ன வெளிச்சம் பற்றி, உடனே அணைந்தது. இன்னொரு தட்டு. பற்றி, அணைந்தது.

"திருப்பி அமத்து, திருப்பி அமத்து" என்று டொரன்ரோவில் இருந்து சிரிக்கிறான்.